காற்று மோட்டாருக்கு ஒயரிங்: டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து பேட்டரி வரை

குட்டி யானை, தோஸ்த், பொலீரோ பிக்கப் என்று அம்பத்தூர் எஸ்டேட் சந்துகளில் நாள் முழுக்கச் சரக்கு ஏற்றி இறக்கும் சின்ன லோடு வண்டிகளில் பிரேக் ஹைட்ராலிக். அதனால் வண்டிக்குள் காற்று என்ற ஒன்றே கிடையாது. பெரிய லாரிக்கு அந்தக் குறை இல்லை. ஏர் பிரேக்குக்காக இன்ஜினே ஒரு கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டாங்கில் எட்டு பார் அளவுக்குக் காற்று எப்போதும் தயாராக நிற்கிறது. சின்ன வண்டிக்காரர் நசரத்பேட்டை தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு டயர் இறங்கிப்போய் நின்றால், பஞ்சர் கடை விளக்கு எங்கே எரிகிறது என்று தேட வேண்டும், அல்லது வண்டியிலேயே காற்று மோட்டார் வைத்திருக்க வேண்டும்.

மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது போன அத்தியாயத்தோடு முடிந்தது. இது ஒயரிங். காற்று மோட்டார் எரிந்துபோய் வரும் வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் மேல் குற்றம் இருக்காது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கிற செம்பு போதாமல்தான் அது எரிந்திருக்கும். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்து ஒயருக்குப் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

முதலில் பெரிய லாரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஏர் பிரேக் வண்டியில் மின்சாரக் காற்று மோட்டார் தேவையே இல்லை. பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1962-இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து ஏர் பிரேக் சாமான் இந்தப் பகுதியின் தொழில். அந்தப் பிரேக் பிரிவு கைமாறி இன்று இசட்.எஃப். பெயரில் அம்பத்தூரில் ஓடுகிறது. உங்கள் லாரியின் ஏர் டிரையரிலோ அன்லோடர் வால்விலோ டயருக்குக் காற்று எடுக்க ஒரு வாய் பல வண்டிகளில் வந்தே இருக்கும். மூடியைக் கழற்றி ஹோஸைப் போட்டால் போதும். அப்படி வாய் இல்லையென்றால் நான்கு வழி பாதுகாப்பு வால்வில் பிரேக்குக்குப் போகாத நான்காவது வழியிலிருந்து எடுங்கள். பிரேக் டாங்க் லைனில் டீ போட்டுக் காற்று எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த டீயில் கசிவு வந்தால் முதலில் போவது பிரேக். அதோடு, எட்டு பார் என்பது ஏறக்குறைய 116 பி.எஸ்.ஐ. தான். 120 கேட்கிற டயருக்கு அது எட்டாது.

இரண்டாவது, 24 வோல்ட். பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். கைவசம் 12 வோல்ட் மோட்டார் இருக்கிறதே என்று இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொடுப்பது பரவலான பழக்கம். அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் இறங்க, ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே பார்த்துச் சார்ஜ் கொடுக்கும். இறங்கிய பேட்டரிக்கு அது பத்தாது, இறங்காததற்கு அது அதிகம். ஒன்று வறண்டும் ஒன்று பசித்தும் சில மாதங்களில் ஜோடியாகவே போய்விடும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் மோட்டார்தான்.

இனி மீதி எல்லாம் 12 வோல்ட் பிக்கப்புக்கு.

எத்தனை ஆம்பியர்

மோட்டாரின் பெட்டியில் குதிரை சக்தி, பார், லிட்டர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டிய எண் உடம்பில் ஒட்டிய தகட்டில் சின்னதாக இருக்கும்: அதிகபட்ச ஆம்பியர். ஒற்றை சிலிண்டர் மோட்டார்கள் 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும். இரட்டை சிலிண்டர் 50, 60 வரை போகும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற பிளாஸ்டிக் பம்ப் 10 ஆம்பியருக்குள் நிற்பது அந்த ஓட்டையின் பியூஸ் அவ்வளவுதான் தாங்கும் என்பதால்.

அந்த வித்தியாசம் சாலையோரத்தில் எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிக்கப்பின் ஒரு டயருக்குள் சுமார் 50 லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து 60-க்கு ஏற்ற, வெளிக்காற்றில் கிட்டத்தட்ட 140 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் தள்ளுகிற மோட்டார் நான்கு நிமிடத்தில் முடிக்கும். 15 லிட்டர் பம்ப் ஒன்பது நிமிடம் தாண்டும், அதற்குள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும்.

30 ஆம்பியர் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் 1961-இல் தொடங்கிய பாடி லூகாஸ் டி.வி.எஸ்.ஸின் தொழில், உங்கள் வண்டி ஆல்டர்னேட்டர் யாருடையதானாலும் அதன் உடம்பில் ஆம்பியர் எழுதியிருக்கும். அந்த எண் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஐட்லிங்கில் பாதிகூட வராமல் போகலாம். ஹெட்லைட், ஹார்ன், ரேடியேட்டர் ஃபேன், பி.எஸ். 6 வண்டியென்றால் கம்ப்யூட்டர்களும் சென்சார்களும் என்று வண்டியின் சொந்தச் செலவும் இருக்கிறது. ஆகவே காற்று அடிக்கும்போது இன்ஜின் ஓட வேண்டும், ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் தூக்கலாக. ஆக்ஸிலேட்டரை 1500 ஆர்.பி.எம். பக்கம் நிறுத்தினால் பேட்டரியிலிருந்து எதுவும் பறிபோகாது.

சுவிட்ச் எவ்வளவு சுமக்கும்

வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் துணைச் சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே வருகின்றன. ஜீப் ரேங்லரில் அந்தத் தொகுப்பை வாங்கினால் நான்கு சுவிட்ச். இரண்டு 40 ஆம்பியருக்கு, இரண்டு 15-க்கு. அங்கே பின்னால் ரிலேயும் பியூஸும் தயாராக உட்கார்ந்திருக்கும். 40 ஆம்பியர் வழியில் ஒற்றை சிலிண்டர் மோட்டாரைக் கொடுக்கலாம், இரட்டை சிலிண்டரைக் கொடுக்கக் கூடாது. நம் பிக்கப்களில் டேஷ்போர்டில் இருப்பது பெரும்பாலும் வெறும் டம்மி மூடி. அதைப் பிடுங்கி ஒரு ராக்கர் சுவிட்சைப் பொருத்துகிறோம். ரிலேயும் பியூஸும் நம் பொறுப்பு.

இந்த இடத்தில் ஷெட்டில் ஒரு பேச்சு நடக்கும். எல்லா ஷெட்டிலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான்.

“நேரா பேட்டரிலேர்ந்து சுவிட்சுக்கு இழுத்து, அங்கேர்ந்து மோட்டாருக்குக் குடுத்துடலாம்ணே. ரிலே எல்லாம் எதுக்கு? நாலு வண்டிக்கு அப்படித்தான் போட்டிருக்கேன்.”

“வேணாம் தம்பி. ரிலே போட்டே குடு, காசு நான் தர்றேன்.”

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. சுவிட்சின் முதுகில் 20 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அவர் நம்புகிறார். மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதுவும் ஹோஸில் ஏற்கெனவே அழுத்தம் இருந்தால் இன்னும் கூடும். சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன வெள்ளி முனை ஒவ்வொரு முறையும் பொறிபட்டுக் கரியாகும். கரி ஏற ஏறத் தடை கூடும், தடை கூடக் கூடச் சூடு கூடும். கடைசியில் இரண்டில் ஒன்று நடக்கும்: சுவிட்ச் உருகி உள்ளே போகும், அல்லது முனைகள் ஒட்டிக்கொண்டு சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலின் மின்சாரம் மட்டும். அது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கு மெல்லிய 0.75 சதுர மி.மீ. ஒயரும் 3 ஆம்பியர் பியூஸும் தாராளம்.

விளக்கு எரிகிற ராக்கர் சுவிட்சில் மூன்று கால் இருக்கும்: வருவது, போவது, விளக்குக்கு எர்த். பித்தளை நிறத்தில் தனித்துத் தெரிகிற கால் வழக்கமாக எர்த். அதில் ரிலேக்குப் போகிற ஒயரைப் போட்டு, அந்த ஒயருக்கான காலில் எர்த்தைப் போட்டுவிட்டால், சுவிட்சை அழுத்திய நொடியில் சின்ன பியூஸ் போகும். புது வேலையில் பியூஸ் உடனே போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸை நேராகப் பேட்டரியிலிருந்து எடுக்காமல் இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒரு பியூஸிலிருந்து எடுங்கள். குழந்தை கேபினில் விளையாடி அழுத்திவிட்டாலும், கிளீனர் மறந்துவிட்டாலும், சாவி இல்லாமல் மோட்டார் ஓடாது. பியூஸ் பெட்டியில் வாட்டமான இடத்தைத் தேட டெஸ்ட் லாம்ப்பை வைத்துக் கண்ட ஒயரையும் குத்திப் பார்க்கும் பழக்கம் பழைய வண்டியோடு போகட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியில் அந்த ஒயர் ஏதாவது கம்ப்யூட்டருக்குச் சிக்னல் கொண்டுபோவதாக இருக்கலாம். மல்டிமீட்டர் போதும், சாவி போட்டால் 12, எடுத்தால் பூஜ்யம், இந்த இரண்டும் ஒத்துவருகிற பியூஸ்தான் நமக்கு வேண்டியது.

ரிலே

ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். எந்தக் கம்பெனி ரிலேயானாலும் இவற்றின் பொருள் ஒன்றுதான். 30-இல் பேட்டரியிலிருந்து வரும் பெரிய ஒயர். 87-இலிருந்து மோட்டாருக்கு. 86-இல் சுவிட்சிலிருந்து வரும் சின்ன ஒயர். 85-இல் எர்த். ஐந்து கால் ரிலேயில் நடுவே 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது உயிரோடு இருக்கிற கால் அது. அதில் மோட்டாரைக் கொடுத்தால் சுவிட்சை அணைக்கும்போது மோட்டார் ஓடும். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது. நான்கு கால் ரிலேயே வாங்கிவிடுங்கள்.

காயிலுக்குள் டயோடு வைத்த ரிலே கிடைத்தால் நல்லது. காயில் விடுபடும்போது எழுகிற மின் அதிர்வை அது அங்கேயே விழுங்கிவிடும், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போகாது. அந்த வகையில் 86 பிளஸ், 85 மைனஸ் என்பது கட்டாயம். மாற்றினால் டயோடு செத்துவிடும்.

ரிலேயின் மேல் 40/30 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 30 ஆம்பியர் மோட்டாருக்கு இது போதும் என்று தோன்றும். 40 என்பது 87 காலுக்கு, 30 என்பது 87ஏ காலுக்கு. காகிதத்தில் போதும்தான். ஆனால் மே மாத வெயிலில் பானட்டுக்குள், ஒரே மூச்சில் இருபது நிமிடம் ஓடுகிற மோட்டாருக்கு நான் 70 ஆம்பியர் ரிலேதான் போடுவேன். இரட்டை சிலிண்டர் மோட்டார் என்றால் தொடர்ந்து ஓடுவதற்கென்று செய்த சொலினாய்டு வேண்டும். இங்கே சிக்கனம் ஒன்று எட்டிப்பார்க்கும்: பழைய வண்டியில் கழற்றிய ஸ்டார்ட்டர் சொலினாய்டு ஷெட்டில் சும்மா கிடக்கிறதே, நூற்றுக்கணக்கான ஆம்பியர் தாங்குமே என்று. அது சில நொடிகள் மட்டும் இழுத்துப் பிடிக்கச் செய்யப்பட்டது. ஐந்து நிமிடம் தொடர்ந்து பிடிக்கச் சொன்னால் அதன் காயில் வெந்துவிடும்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். தலைகீழாக வைத்தால் மழைத்தண்ணீர் சாக்கெட்டுக்குள் தேங்கி முதல் ஐப்பசியிலேயே பச்சைக் களிம்பு கட்டிவிடும்.

செம்பு

மோட்டாருக்குப் போகிற ஒயர் எவ்வளவு தடி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். எரியாமல் இருந்தால் போதும் என்று ஒயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதி கணக்கைத்தான் போடுகிறார்கள். மீதிப் பாதி, வழியில் தொலையும் வோல்ட்.

பேட்டரியிலிருந்து கேபின் பின்னால் வைத்த மோட்டாருக்கு ஒயர் நான்கு மீட்டர், மோட்டார் 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மி.மீ. ஒயரில் பிளஸ் பக்கம் மட்டும் 0.84 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. என்றால் 0.35. பத்து என்றால் 0.21. எர்த்துக்கும் தனி ஒயர் இழுத்தால் இவை எல்லாம் இரட்டிப்பாகும். முக்கால் வோல்ட்தானே என்று விட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் 80, 90 ஆம்பியர் இழுக்கும்போது அதே மெல்லிய ஒயரில் இரண்டரை வோல்ட் தொலையும், எர்த் பக்கம் வேறு. பாதி நிறைந்த டயரின் அழுத்தத்துக்கு எதிராக மோட்டார் சுற்றத் திணறும். சுற்றாமல் நிற்கிற மோட்டார்தான் மிக அதிக மின்சாரம் குடிக்கும். அங்கேதான் ஆர்மேச்சர் வார்னிஷ் கருகி அந்த வாசனை வரும். ஆகவே நான்கு மீட்டருக்குள் 30 ஆம்பியருக்குக் குறைந்தது 6, இயன்றால் 10. இரட்டை சிலிண்டர் 60 ஆம்பியர் மோட்டாரைப் பின் தொட்டியில் வைப்பதென்றால் 16-க்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

ஒயர் வாங்கும்போது கையில் ஒரு பிளேடு இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையர் கிட் என்று கார் ஸ்டீரியோ கடைகளில் தொங்குகிற பளபளப்பான சிவப்பு ஒயரில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டினால் சிவப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை தெரியும். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும், லக்கில் நசுக்கினால் சீக்கிரம் ஒடியும், மழை ஈரத்தில் பொடியும். கடைக்காரர் சுரண்ட விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டு ஒயரிங் கேபிளும் வேண்டாம். செம்பு நல்லதுதான், ஆனால் அதன் மேல் தோல் இன்ஜின் சூட்டுக்கும் டீசலுக்கும் செய்யப்பட்டதில்லை. ஐ.எஸ். 2465 என்று அச்சிட்ட ஆட்டோ கேபிளைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வண்டிக் கேபிளுக்கான இந்தியத் தர எண் அது.

லக் நசுக்குவதைச் சுத்தியலிடம் கொடுக்காதீர்கள். சுத்தியலால் அடித்த லக் வெளியே தட்டையாகத் தெரியும், உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும். எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்கிற பட்டறைகளில் ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கும். ஒயரை அளந்து வெட்டிக்கொண்டு போனால் இரண்டு முனையையும் நசுக்கித் தருவார்கள். நசுக்கியபின் லக்கைக் காலால் மிதித்துக்கொண்டு ஒயரை இழுத்துப் பாருங்கள். வந்தால் நல்ல வேளை, இப்போதே வந்தது.

பெரிய பியூஸ் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் பியூஸ் வைப்பவர்கள் மோட்டாரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பியூஸின் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. நான்கு மீட்டர் ஒயர் வழியில் எங்கேயாவது சேஸிஸில் உரசித் தோல் கிழிந்தால், பியூஸுக்கு முந்திய பகுதியை எதுவும் தடுக்காது. பேட்டரி முழுதும் அந்த ஒரு புள்ளி வழியே கொட்டும். 30 ஆம்பியர் மோட்டாருக்கு 40 ஆம்பியர் பியூஸ், அதையும்விட அதிகம் தாங்குகிற ஒயர். பியூஸ் அடிக்கடி போகிறதென்று 60-ஐச் செருகுவது, அல்லது செம்பு இழையைச் சுற்றி வைப்பது, வண்டியைக் கொளுத்துவதற்கான நிதானமான வழி.

கேபின் தகட்டில் ஓட்டை போட்டு ஒயரைக் கொண்டுபோகும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். ஓட்டையின் விளிம்பு கத்தி போல இருக்கும். கள்ளிக்குப்பம் சாலை, ஆவடி செக்போஸ்ட் பக்கம் என்று குலுங்கிக்கொண்டு போகிற வண்டியில் சில வாரத்தில் தோலை அறுத்துவிடும். மீதி நீளத்துக்கு நெளிவு பைப் மாட்டி, கட்டுக்கு ஒரு கேபிள் டை போட்டு, சைலன்ஸரை விட்டுத் தள்ளியே கொண்டுபோங்கள். பேட்டரி மைனஸை முதலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலை எல்லாம். பிராக்கெட் வெல்டிங் செய்வதென்றால் பேட்டரியோடு கம்ப்யூட்டர் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள். சேஸிஸ் நீளச் சட்டத்தின் மேல் கீழ் விளிம்பில் துளை போடக் கூடாது. பக்கவாட்டில் கம்பெனி போட்ட துளை எத்தனையோ இருக்கும்.

எர்த்

பிளஸ்ஸுக்குத் தடியான ஒயர் போட்ட கையே எர்த்துக்குப் பழைய ஒயர் துண்டைத் தேடும். பிளஸ்ஸில் போன அதே 30 ஆம்பியர்தான் எர்த்தில் திரும்பி வர வேண்டும். அதற்கும் அதே தடிமன். மோட்டார் உட்கார்ந்த பிராக்கெட்டின் போல்ட்டை எர்த் என்று நம்ப வேண்டாம். நடுவே பெயின்ட், துரு, ரப்பர் புஷ் எல்லாம் இருக்கும். சேஸிஸில் ஒரு இடத்தைப் பளபளவென்று வெள்ளி தெரியும்வரை தேய்த்து, லக் வைத்து, பல் வைத்த வாஷரோடு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

பி.எஸ். 6 வண்டி பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது, வருகிறது என்று எண்ணுகிற சென்சார் அது. எர்த் ஒயரை நேராக மைனஸ் முனையில் போட்டால் மோட்டார் குடித்தது அந்தக் கணக்கில் வராது. வண்டி பேட்டரி நிறைந்திருப்பதாக நினைத்துச் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். இந்த வகை வண்டியில் எர்த் சேஸிஸில்தான்.

அழுத்தச் சுவிட்ச்

டாங்க் வைத்த அமைப்பென்றால் அழுத்தச் சுவிட்ச் ஒன்று வேண்டும். 110 பி.எஸ்.ஐ. பக்கம் மோட்டாரை எழுப்பி 145 பக்கம் நிறுத்துகிறவை பரவலாகக் கிடைக்கின்றன. இதை மோட்டாரின் பெரிய ஒயரில் வைக்காமல் ரிலே காயிலின் சின்ன ஒயரில் வையுங்கள். டேஷ்போர்டு சுவிட்ச், அடுத்து அழுத்தச் சுவிட்ச், அடுத்து ரிலேயின் 86. மூன்றும் ஒரே வரிசை.

85-இன் எர்த் பக்கத்தில் வைத்தாலும் வேலை செய்யும், படங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்காது. அந்த ஒயர் டாங்க்வரை வண்டிக்கு அடியில் போய் வருகிறது. எர்த் பக்கத்தில் வைத்திருந்து, ஒயர் உரசிச் சேஸிஸைத் தொட்டால், அழுத்தச் சுவிட்ச் இருப்பதே ரிலேக்குத் தெரியாது. டாங்க் நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பிளஸ் பக்கத்தில் வைத்திருந்தால் அதே உரசலுக்குச் சின்ன பியூஸ் போய் மோட்டார் நிற்கும். எது போனாலும் மோட்டார் நிற்கும்படி போகட்டும். டாங்கில் தனியாக ஒரு சேஃப்டி வால்வு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடியில் டிரெயின் குமிழும் வேண்டும். சென்னைக் காற்றில் உள்ள ஈரம் டாங்குக்குள் தண்ணீராக இறங்கும், அவ்வப்போது திறந்துவிடாவிட்டால் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

மோட்டாரை எங்கே வைப்பது என்பதை இந்தப் பகுதியின் மழைதான் தீர்மானிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து பட்டறை மெஷின்கள் நனைந்தன. வண்டிக்கு அடியில் சேஸிஸில் தொங்குகிற மோட்டார் அந்தத் தண்ணீரை உறிஞ்சினால் சிலிண்டர் உடையும். சீட்டுக்கு அடியிலோ கேபின் முதுகில் உயரமாகவோ வையுங்கள். முடியாதென்றால் மோட்டார் கீழே இருக்கட்டும், அதன் காற்று வடிகட்டியை மட்டும் ஒரு குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோகலாம். அந்த வடிகட்டியையும் அடிக்கடி பாருங்கள். கிரைண்டிங் பட்டறைகள் நிறைந்த சந்தில் நிற்கிற வண்டியில் அது இரும்புப் பொடியில் கறுத்திருக்கும். மோட்டாரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் என்பதால் முதல் இரண்டடி ஹோஸ் எஃகுப் பின்னல் போட்டதாக இருக்கட்டும். சாதா ரப்பர் அங்கே இளகிப் பிய்த்துக்கொள்ளும்.

சோதனை

எல்லாம் மாட்டி முடிந்ததும் மோட்டார் சத்தம் கேட்டவுடன் பானட்டை மூடிவிடாதீர்கள். மல்டிமீட்டரோடு பத்து நிமிடம் செலவாகும்.

இன்ஜினை 1500-இல் ஓடவிட்டு, ஒரு டயருக்கு ஹோஸை மாட்டி மோட்டாரைப் போடுங்கள். காற்று வெளியே விசிறும்போது அளந்தால் பயனில்லை, மோட்டாருக்கு எதிர்ப்பு வேண்டும். பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் இரண்டு முனைகளில் 12.6. ஒன்றரை வோல்ட் எங்கோ தொலைகிறது. எங்கே என்று ஊகிக்க வேண்டியதில்லை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மோட்டார் பிளஸ்ஸிலும் வையுங்கள், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 0.4 காட்டுகிறது. பிளஸ் பக்கம் சரி. இப்போது சிவப்பை மோட்டார் மைனஸிலும் கறுப்பைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 1.1. எர்த் லக்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயின்ட் பாதி மிச்சம் இருக்கும். தேய்த்து மறுபடி முறுக்கினால் அந்த 1.1 இறங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் நின்றால் வேலை நன்றாக முடிந்தது என்று பொருள். பிளஸ் பக்கம் அதிகம் என்றால் அதே முறையில் பியூஸ், ரிலே, லக் என்று ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்துக்கொண்டே போங்கள். எது காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி.

பிறகு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் மோட்டார் சுடுவது இயல்பு, லக் சுடுவது இயல்பில்லை. மோட்டார் தகட்டில் டியூட்டி சைக்கிள் 33 சதவீதம் என்று இருந்தால் பத்து நிமிட ஓட்டத்துக்கு இருபது நிமிட ஓய்வு. வெயில் காலத்தில் அந்த ஓய்வைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

டயருக்கு எவ்வளவு காற்று என்பது கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும், வெறும் வண்டிக்கும் லோடுக்கும் வேறு வேறு. கையில் காற்று இருக்கிறதென்று பெரிய லாரி நண்பரின் ரிங் வைத்த வீலுக்கு ரோட்டோரத்தில் காற்று அடித்து உதவ வேண்டாம். லாக் ரிங் சரியாக உட்காராத வீல் வெடித்தால் ரிங் ஆளைத் தூக்கி அடிக்கும். அது கூண்டுக்குள் வைத்து அடிக்க வேண்டிய காற்று.

மாதம் ஒரு முறை பேட்டரி முனை, பெரிய பியூஸ், எர்த் போல்ட் மூன்றையும் முறுக்கிப் பாருங்கள். மரத்தடியில் ராத்திரி நிறுத்துகிற வண்டி என்றால் நெளிவு பைப்பை நீளவாக்கில் கையால் தடவிப் பாருங்கள். எலிக்குப் புது ஒயரின் தோல் என்றால் கொள்ளை ஆசை. 40 ஆம்பியர் பியூஸ் இரண்டும் 3 ஆம்பியர் பியூஸ் இரண்டும் ஒரு சின்னக் கவரில் போட்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்த படத்தோடு கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டியைப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் வேறு ஆளாக இருப்பார்.